குழாய்ச் சத்தத்துக்குள் இருந்த அத்தை

எங்கள் கலாகி ஊரின் சாலைச் சந்திப்பில் இன்றைக்கு யாரைக் கேட்டாலும், "ஜல்வாங்கோவா? அவ கெட்டிக்காரின்னு நான் அப்பவே சொன்னேனே" என்பார்கள். சுத்தப் பொய். அப்பவே சொன்னது நான் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் அவளைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். திமிர் பிடித்தவள்தான், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திமிருக்குள் சரக்கு இருந்தது.

என் சப்பாத்திக் கல்லுக்கும் அவள் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். நான் முட்டை உடைக்கிற சத்தம் அவளுக்குக் கேட்கும், அவள் வாடிக்கையாளர்களைத் திட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். பழைய கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு லேப்டாப், இரண்டு சின்ன ஸ்பீக்கர், வந்தவர்கள் உட்காரக் கவிழ்த்துப்போட்ட சோடாப் பெட்டி. இதுதான் கடை. பென் டிரைவில் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுப்பாள். தேவாலயப் பாட்டுக் குழுக்காரர்கள் போனில் பிடித்துக்கொண்டு வருகிற பாட்டைக் கேட்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பாள். கொடுப்பதற்கு முன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா வெச்சுக் குடும்மா" என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும்.

"சத்தம் வேணுமா, பேச்சு புரியணுமா? வெளிய போய் முடிவு பண்ணிட்டு வாங்க. சத்தம்தான் வேணும்னா தகரத்துல கல்லை விட்டு எறிங்க, எங்கிட்ட ஏன் வரீங்க?" என்பாள்.

"ஏன்டி வர்ற மனுஷங்களை விரட்டற?" என்று நான் இந்தப் பக்கமிருந்து கேட்பேன்.

"நீ உன் சப்பாத்தியைப் பாரு ரெஸ்டி. கருகற வாசனை வருது."

கருகியிருக்காது. என்னைச் சீண்டுவதற்காகச் சொல்வாள்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு எரிந்த ஸ்பீக்கரால்தான். சந்தைக்குப் பின்னால் வீடியோ கொட்டகை ஒன்று இருந்தது. அங்கே படம் ஓட்டுகிற வேலை அவளுக்கு. ஒருநாள் வந்த படத்தில் பேச்செல்லாம் எலி பேசுவது போல இருந்தது. கூட்டம் விசிலடித்து, பெஞ்சைத் தட்டி, "சவுண்டு! சவுண்டு!" என்று கத்தியது. இவள் என்ன செய்தாள், படம் ஓட்டுகிற மென்பொருளில் இருநூறு சதவீதம் வைத்தாள், கம்ப்யூட்டரில் முழுசாக ஏற்றினாள், ஆம்ப்ளிஃபயரின் குமிழையும் கடைசி வரை திருகினாள். கொஞ்ச நேரம் எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் படத்தில் ஒரு பாலம் வெடித்தது. அதோடு ஸ்பீக்கரிலிருந்து புகை வந்தது. முதலாளி அவளையும் ஸ்பீக்கரையும் சேர்த்தே வெளியே தள்ளினார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அந்தப் பெட்டியைச் சாக்கடையில் வீசியிருப்பாள். இவள் அதை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, என் மேசையில் வெங்காயத்துக்கு நடுவில் வைத்து, என் கத்தியாலேயே கிழித்தாள். உள்ளே மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருள் கருகிக் கிடந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ரிப்பேர்க் கடைகளிலெல்லாம் போய் நின்று, விடாமல் கேட்டு, ஏச்சு வாங்கி, ஒருநாள் என்னிடம் வந்து சொன்னாள்: "சத்தம் ஜாஸ்தியானா மட்டும் ஸ்பீக்கர் சாகறதில்ல ரெஸ்டி. அளவுக்கு மேல தூக்கினா சத்தத்தோட தலை கூரையில போய் இடிச்சுத் தட்டையாயிடுது. அந்தத் தட்டைச் சத்தம்தான் கம்பியைச் சூடாக்கிக் கொல்லுது. காதுக்குக் கரகரன்னு கேக்கும் பாரு, அது ஸ்பீக்கர் அழறது."

"என் கத்தி மழுங்கினதுக்கு நான் அழறேன், அது கேக்கலியா உனக்கு?" என்றேன்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு விரதம். கம்ப்யூட்டர் திரையில் சத்தத்தின் உயரத்தைக் காட்டும் பட்டை பச்சையில் ஆடலாம், மஞ்சளைத் தொடலாம், சிவப்பைத் தொடவே கூடாது. தொட்டால் வாடிக்கையாளரின் கை மீதே அடிப்பாள்.

ஆனால் எங்கள் ஊர்ப் பழக்கம் இருக்கிறதே, அதற்கு விரதமெல்லாம் கிடையாது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கேயாவது ஒலிபெருக்கி சரியாகக் கேட்கவில்லை என்றால், அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆளுக்கொரு குமிழைத் திருகிவிட்டுப் போவார்கள். பெரியப்பா ஒன்று, சித்தப்பா ஒன்று, பாதிரியாருடன் வந்தவர் ஒன்று. உதவி செய்கிறார்களாம். குறைக்கிற பக்கம் திருகின ஒருவரை என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நமுபிரு வந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குடியிருக்கிற பெண், தையல் வேலை செய்கிறவள். கண் வீங்கியிருந்தது. சோடாப் பெட்டியில் உட்கார்ந்து போனை நீட்டினாள்.

"அக்கா, இதுல என் அத்தை பேசியிருக்காங்க. கேக்கவே மாட்டேங்குது. சனிக்கிழமை எனக்குக் க்வாஞ்சுலா."

பெண் வீட்டில் எல்லார் முன்னாலும் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்துகிற நாள் அது. அன்றைக்கு அப்பாவுக்குக்கூட அவ்வளவு வேலை கிடையாது. அத்தைதான் எல்லாம். ஒரே மாதிரி வெள்ளை அங்கி போட்டு உட்கார்ந்திருக்கிற ஆண்களுக்கு நடுவிலிருந்து "இவர்தான்" என்று மாப்பிள்ளையை எழுப்புகிறவள் அத்தை. அவள் எழுப்பினால்தான் கல்யாணம். அன்று எழுப்புகிறவள்தான் பிறகு ஆயுசுக்கும் அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு அத்தை. சண்டை வந்தால் அவளிடம்தான் ஓட வேண்டும், குழந்தை பிறந்தால் அவளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நமுபிருவின் அத்தை நப்போசா, தாயில்லாத இந்தப் பெண்ணைத் தன் முதுகில் கட்டி வளர்த்தவள். இப்போது வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்.

"அன்னைக்கு நேரா போன்ல பேச வெச்சுட வேண்டியதுதானே?" என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டேன்.

"வேலை நேரத்துல போன் தொடக் கூடாதாம். அந்த வீட்டுல வேலை நேரம்னா முழிச்சிருக்கிற நேரம் பூரா. எப்படியோ போனை ஒளிச்சு எடுத்துட்டுப் போய், குளியல் அறையில குழாயைத் திறந்து விட்டுட்டு, ரகசியக் குரல்ல பேசி அனுப்பிச்சிருக்காங்க. ஒரே தடவைதான். இன்னொரு தடவை கேக்க முடியாது."

"வேற அத்தையே இல்லையா உனக்கு?" என்றாள் ஜல்வாங்கோ.

அதைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. வேறு அத்தை இருந்ததுதான் பிரச்சினை. அப்பாவின் ஒன்றுவிட்ட அக்கா, கசலினா. ஊரில் எந்த விசேஷம் நடந்தாலும் முதல் வரிசை நாற்காலியில் அவளைப் பார்க்கலாம். "குரலே வராதவ என்ன அத்தை? நான் எதுக்கு இருக்கேன்?" என்று புதுக் கோமேசி உடையே எடுத்துவிட்டாளாம், தோள் இரண்டும் கொம்பு மாதிரி நிற்கிற பளபளா பட்டில். நமுபிருவின் அப்பா நல்ல மனிதர், ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்கிறவர். "பந்தல்ல கடைசியில உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் நப்போசா குரல் கேட்டா அவதான் அத்தை. கேக்கலேன்னா கசலினா" என்று முடித்துவிட்டார்.

"அத்தை ஒருநாள் திரும்பி வருவாங்க அக்கா. வர்றப்ப அவங்க இடத்துல வேற ஒருத்தி உட்கார்ந்திருக்கக் கூடாது. அவங்களுக்குன்னு இருக்கிறதே நான் ஒருத்திதான்" என்றாள் நமுபிரு.

ஜல்வாங்கோ போனைப் பிடுங்கிக் கம்ப்யூட்டரில் செருகினாள். சின்ன ஸ்பீக்கரில் தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான் வந்தது. எங்கேயோ அடியில் மூச்சு விடுகிற மாதிரி ஏதோ ஓடியது. திடீரென்று 'லொக்' என்று ஒரு இருமல், குண்டு போட்ட மாதிரி.

"சத்தம் ஏத்தற ஆப் ஒண்ணு போட்டுப் பார்த்தேன். போன் ஸ்பீக்கரே கரகரன்னு ஆயிடுச்சு. அப்புறம் கலுலே அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். விழாவுக்குப் பெரிய ஸ்பீக்கர் அவரோடதுதான். 'இதை என் பெட்டியில போட்டா பெட்டி கிழிஞ்சுடும், போம்மா'ன்னுட்டார்."

"கலுலே சொன்னதுல முதல் தடவையா ஒரு உண்மை இருக்கு" என்றாள் ஜல்வாங்கோ. "இதோ பாரு. இந்த இருமல் இருக்கில்ல, இவன் நெட்டையன். மத்த பேச்செல்லாம் குள்ளம். எல்லாரையும் சேர்த்துத் தூக்கினா நெட்டையன் தலை முதல்ல கூரையில இடிக்கும். கம்ப்யூட்டர் அதோட தூக்கறதை நிறுத்திடும். அதுக்கு மேலயும் தூக்கினா கிழியும். அதனால முதல்ல நெட்டையனைக் குனிய வைக்கணும். அப்புறம் எல்லாரையும் மேல தூக்கணும். புரியுதா?"

நமுபிரு தலையாட்டினாள். எனக்குப் புரிந்தது, ஆனால் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குத் தலைக்கனம் இன்னும் ஏறும்.

அப்புறம் அவள் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள், மாட்டினவள் மாட்டினவள்தான். வாடிக்கையாளர்கள் வந்து வந்து திரும்பிப் போனார்கள். குழாய்ச் சத்தத்தில் 'ம்ம்ம்' என்று ஓடுகிற அடிச் சத்தத்தை முதலில் வெட்டினாள். மனிதக் குரல் அவ்வளவு கீழே இறங்காதாம், ஆனால் பெரிய ஸ்பீக்கரை மூச்சுத் திணற வைப்பது அதுதானாம். பிறகு இருமலையும், கதவு சாத்தினதையும், போன் எதிலோ இடித்ததையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அமுக்கினாள். அப்புறம் மற்றதைத் தூக்கினாள், மறுபடி அமுக்கினாள், மறுபடி தூக்கினாள். நடுவில் என்னிடம் சப்பாத்தி வாங்கித் தின்றுவிட்டு, உப்புக் குறைவு என்று குறையும் சொன்னாள்.

ஒரு கட்டத்தில் தண்ணீர்ச் சத்தத்தையே மொத்தமாகத் துடைத்தெடுக்கிற வித்தை ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். உடனே முகத்தைச் சுளித்தாள். "சீ! அத்தையை டப்பாக்குள்ள போட்டு மூடின மாதிரி இருக்கு. கிசுகிசுப் பேச்சுல தொண்டையே இல்ல ரெஸ்டி, வெறும் காத்துதான். தண்ணியைத் துடைச்சா கூடவே அந்தக் காத்தும் போயிடுது."

"அப்ப என்ன பண்ணப் போற?"

"தண்ணி கொஞ்சம் ஓடட்டும். அவங்க இருக்கிற இடம் அது."

"எங்க, எனக்குக் கொஞ்சம் போட்டுக் காட்டேன்."

"போடி. சடங்குக்கு முன்னாடி அத்தை பேச்சைக் கேக்க நீ என்ன மாப்பிள்ளையா?"

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு அவளுக்குக் கொடுத்த அடுத்த சப்பாத்தியில் வேண்டுமென்றே உப்பைக் கொட்டினேன். அதையும் தின்றாள்.

சனிக்கிழமை வந்தது. எதிரெதிராக இரண்டு பந்தல். மாப்பிள்ளை வீட்டார் வெள்ளை அங்கியும் கோட்டுமாக வந்து இறங்கினார்கள். அவர்களுக்காகப் பேச வந்தவர் செபுன்யா. நாக்கில் எண்ணெய் தடவிக்கொண்டு பிறந்தவர். அவர் பேச்சைக் கேட்பதற்கென்றே அழைக்காத வீட்டுக்கும் ஆட்கள் வருவார்கள். நான் பின்னால் சமையல் பக்கம், வாழையிலை மூட்டையில் வெந்துகொண்டிருந்த கோழிக்குக் காவல். ஜல்வாங்கோ தன்னிடமிருந்த ஒரே கோமேசியைக் கட்டிக்கொண்டு லேப்டாப்போடு வந்திருந்தாள். வந்ததிலிருந்து கலுலேயோடு சண்டை.

கலுலேயின் இரண்டு ஸ்பீக்கர்களும் ஆள் உயரம். ஒன்றைப் பெரிய சம்சாரம் என்பார், மற்றதைச் சின்ன சம்சாரம் என்பார். வீட்டில் நிஜமாக இருப்பது ஒரே சம்சாரம், அவளுக்கு இந்த இரண்டு பேரையும் கண்டால் ஆகாது.

"என் சின்னவளுக்கு ஏதாவது ஆச்சு, உன்னை விட மாட்டேன்" என்றார் கலுலே.

"உங்க சின்னவளை தினமும் குடிக்க வெச்சுக் கெடுக்கிறதே நீங்கதான். எதுக்கு இத்தனை பேஸ், இந்த அடிச் சத்தம்? இதைக் கொறைங்க. இந்தக் குமிழ்லாம் ஏன் கடைசி வரைக்கும் போயிருக்கு? பெரியவளைத் தூக்கி மாப்பிள்ளை வீட்டுப் பந்தலுக்கு ஓரமா வைங்க. அவங்க காதுக்குப் பக்கத்துல இருந்தா இங்கிருந்து கத்த வேண்டியதில்ல."

முணுமுணுத்துக்கொண்டே எல்லாம் செய்தார். அவள் ஒவ்வொரு குமிழையும் தன் இடத்தில் வைத்து, "யாரையும் தொட விடாதீங்க" என்று அவரைக் காவலுக்கு நிறுத்தினாள்.

அப்போதுதான் கசலினா வந்தாள். மாப்பிள்ளைக்கு அத்தை குத்திவிட வேண்டிய பூவைக்கூடக் கையில் வைத்திருந்தாள், பார்த்துக்கொள்ளுங்கள். "ஜல்வாங்கோ, பாவம் நீ காலையிலேருந்து நிக்கறே. வாம்மா, பெரியவங்களுக்கு மண்டி போட்டு வணக்கம் சொல்லிட்டுப் போ" என்று தேனாக அழைத்துக்கொண்டு உள்ளே போனாள். வேண்டுமென்று செய்தாளா, தெரியாது. நான் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லுகிற ஜென்மம் இல்லை அது.

இவள் இல்லாத அந்த இடைவெளியில்தான் பெரியப்பா வந்தார், சித்தப்பா வந்தார். மைக்கில் பேச்சு மந்தமாகக் கேட்டது போலிருந்ததாம். ஆளுக்கொரு குமிழ். கலுலே தடுக்கவா முடியும், அவர்கள் வீட்டு விசேஷம். ஒருவர் லேப்டாப்பிலேயே கைவைத்து இருநூறு வரை ஏற்றிவிட்டார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சாளரோ நேரம் பார்த்து, "இப்போ எங்க பெண்ணோட அத்தை, தூர தேசத்துலேருந்து உங்ககிட்ட வர்றாங்க!" என்று முழங்கினார். யாரோ பொத்தானை அமுக்கினார்கள்.

கடவுளே! அப்படி ஒரு சத்தம். தண்ணீர் கொட்டுகிற சத்தம் பாறை உருள்கிற மாதிரி வந்தது, அதற்கு மேலே கிறீச்சென்று ஒரு ஓலம். குழந்தைகள் வீறிட்டன. கோழி மூட்டையை நான் காலில் போட்டுக்கொண்டேன்.

கலுலே பாய்ந்து நிறுத்தினார். செபுன்யா மெல்ல எழுந்து, அங்கியை நீவிவிட்டுக்கொண்டார்.

"மரியாதைக்குரியவங்களே! நாங்க பொண்ணு கேட்டு வந்தவங்க. அத்தை வருவாங்கன்னு சொன்னீங்க, மாவு மில்லு வந்திருக்கு! அரைக்கிறதுக்கு நாங்க சோளம் கொண்டு வரலியே!"

இரண்டு பந்தலும் சிரித்தன. எங்கள் ஆட்களும் வெட்கமில்லாமல் சிரித்தார்கள். நமுபிருவின் அப்பா தரையைப் பார்த்தார். கசலினா தோள் கொம்புகளைச் சரிசெய்துகொண்டு, பூவோடு முற்றத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். வீட்டு ஜன்னலில் நமுபிருவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

ஜல்வாங்கோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். கோமேசியை முழங்கால் வரை தூக்கிப் பிடித்திருந்தாள், பெரியவர்கள் இருக்கிறார்களே என்றெல்லாம் பார்க்கவில்லை. நேரே சின்ன சம்சாரத்திடம் போய், முன் வலையைக் கழற்றி, உள்ளங்கையை அதன் தோலில் வைத்து மெதுவாக அமுக்கி அமுக்கிப் பார்த்தாள்.

"போயிட்டாளா?" என்றார் கலுலே, அழாத குறையாக.

"உள்ள கம்பி உரசல. மூச்சு இருக்கு. நகருங்க."

அப்புறம் மைக்கை எடுத்தாள். "செபுன்யா ஐயா, உங்க நாக்குக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க. எங்க அத்தை மெதுவாப் பேசற பொம்பளை. கத்தறவங்களுக்கு நடுவுல அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. கசலினாம்மா, அங்கேயே நில்லுங்க. இந்தப் பக்கம் இனிமே யாராவது விரலை நீட்டினா, பெரியப்பாவா இருந்தாலும் சரி, விரல் இருக்காது."

சொல்லிவிட்டு எல்லாக் குமிழையும் குறைத்தாள். ஒவ்வொன்றாக, கடைசி வரைக்கும்.

"ஏற்கெனவே கேக்கல, இன்னும் கொறைக்கிறாளே! பைத்தியமா இவளுக்கு?" என்றார் பெரியப்பா.

அவள் காதில் வாங்கவில்லை. லேப்டாப்பை நூறுக்கு இறக்கினாள். பேஸை அணைத்தாள். கலுலேயின் ஜெனரேட்டருக்குப் பதிலாக வீட்டுக் கரண்டுக்கு மாற்றச் சொன்னாள், அந்தத் தடதடப்பு நின்றது. பிறகு ஒரு உள்ளங்கை ஸ்பீக்கரில், ஒரு விரல் குமிழில். ஓட விட்டாள்.

முதலில் ஒன்றுமே இல்லை. அப்புறம் தண்ணீர். பக்கத்தில் யாரோ குழாயைத் திறந்தது மாதிரி, அவ்வளவு சுத்தமாக. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். இன்னும் கொஞ்சம். பட்டை பச்சையிலேயே ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். என் காதுக்குள் வாயை வைத்துச் சொல்வது போல இருந்தது. நான் நின்றிருந்ததோ சமையல் புகைக்குப் பின்னால்.

"எல்லாருக்கும் நப்போசாவோட வணக்கம். நான் மண்டி போட்டுத்தான் பேசறேன். தண்ணியைத் திறந்து விட்டிருக்கேன், மன்னிச்சுக்கோங்க, கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு. நமுபிரு, அழாத. கண் மை கரையும்."

ஜன்னலில் நமுபிரு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே, உங்கள்ல ஒருத்தரை எனக்குத் தெரியும். நான் ஊரை விட்டுக் கிளம்பின அன்னைக்கு மழை. என் பெட்டிக்குக் கைப்பிடி அறுந்து போச்சு. ஒருத்தர் வந்து தலையில தூக்கிட்டு பஸ் வரைக்கும் நடந்தார். 'யாரு தம்பி நீ'ன்னு கேட்டேன். 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்'னார். அந்த மழையில யாரு சும்மா வருவா? அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அந்தப் பெட்டி தூக்கினவர் இப்ப எந்திரிச்சு நில்லுங்க."

மூன்றாவது வரிசையிலிருந்து கயீசி எழுந்தான். அவன்தான் மாப்பிள்ளை. அவன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, துடைக்கவும் இல்லை.

"எந்திரிச்சுட்டீங்களா? இவர்தான். நான் சொல்றேன், இவர்தான். கசலினா அக்கா, நீங்க அங்க இருப்பீங்கன்னு தெரியும். என் கை அவ்வளவு தூரம் எட்டாது. என் கையா இருந்து பூவை நீங்க குத்தி விடுங்க."

கசலினாவை எல்லாரும் பார்த்தோம். அவள் என்ன செய்ய முடியும்? அத்தனை பேர் முன்னால், அத்தனை பளபளப்போடு, நப்போசாவின் கையாகப் போய்ப் பூவைக் குத்தினாள். சும்மா சொல்லக் கூடாது, நேராகவே குத்தினாள், குத்தும்போது அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

"நான் இங்க குலவை போட முடியாது. எனக்கும் சேர்த்து நீங்க போடுங்க" என்றது குரல். குழாய் மூடுகிற சத்தம் கேட்டது. அதோடு முடிந்தது.

செபுன்யா தன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, முற்றத்தைக் கடந்து, சின்ன சம்சாரத்தின் முன்னால் வந்து முழங்கால் போட்டார். அத்தைக்குப் பதில் சொல்லாமல் சடங்கு நகராது. ஆனால் அந்த மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கேட்டுச்சு அத்தை. ஒரு சொல் விடாம கேட்டுச்சு. எங்க பையன் இனி உங்க பையன்."

கடைசி நாற்காலியிலிருந்த கிழவர் ஒருவர், "எனக்கும் கேட்டுச்சுப்பா!" என்று கை தூக்கினார். நமுபிருவின் அப்பா எழுந்து, "அப்ப நப்போசாதான் அத்தை" என்றார். இந்தத் தடவை கடைசியாகப் பேசினது அவர்தான்.

அப்புறம் பிடித்தது பாருங்கள் குலவை! இரண்டு பந்தல் பெண்களும் சேர்ந்து, சமையல் பக்கத்துப் பெண்களும் சேர்ந்து, கரண்டியும் கையுமாக நானும் சேர்ந்து போட்ட குலவை. சாலையில் போன லாரிகூட நின்றது. ஜல்வாங்கோ மட்டும் போடவில்லை. போனை உயரத் தூக்கிப் பிடித்து அதைப் பதிவு பண்ணிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே அதை உட்கார்ந்து குறைத்தாள். "அவங்க போனோட குட்டி ஸ்பீக்கர் இதைத் தாங்காது. குளியல் அறையில மெதுவா வெச்சுக் கேக்கற மாதிரி அனுப்பணும்" என்றாள். கலுலே வந்து, எல்லாக் குமிழும் இப்போது எங்கெங்கே நிற்கிறதோ அங்கங்கே நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துத் தரச் சொல்லிக் கெஞ்சினார். வைத்துக் கொடுத்தாள், நன்றாகத் திட்டிவிட்டு.

பதில் உடனே வரவில்லை. மழைக்காலம் பிடித்த பிறகு ஒரு மத்தியானம், நமுபிரு கயீசியோடு கடைக்கு ஓடி வந்தாள். "அத்தை அனுப்பியிருக்காங்க! உங்க கம்ப்யூட்டர்லதான் கேக்கணும்னு அப்படியே கொண்டு வந்தேன்." கலுலேயும் ஏதோ வேலையாக அங்கேதான் இருந்தார். நான் அடுப்பைத் தணித்துவிட்டு உள்ளே போனேன்.

ஜல்வாங்கோ பழக்கம்போல ஒலியை ஏற்றி வைத்துக்கொண்டாள், கிசுகிசுப்புக்குத் தயாராக. பொத்தானை அமுக்கினாள்.

தண்ணீர்ச் சத்தம் இல்லை. காற்று அடித்தது. "நமுபிரு! வீட்டுக்காரங்க எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்க! நான் மொட்டை மாடியில நிக்கிறேன்!" என்றது நப்போசாவின் குரல். தொண்டையோடு, முழுசாக. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. மூச்சை இழுத்தாள். பிறகு குலவை போட்டாள். கலாகிக்குக் கேட்க வேண்டும் என்று போட்டாள்.

கடையே அதிர்ந்தது. சின்ன ஸ்பீக்கர் இரண்டும் கரகரவென்று துடித்தன. திரையில் பட்டை பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, மேலே போய் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏய், சிவப்பு! சிவப்பு! கொறை!" என்று கலுலே கையை நீட்டினார்.

ஜல்வாங்கோ அந்தக் கையைப் பட்டென்று அடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு.

"தொட்டீங்கன்னா பாருங்க. கிழிஞ்சா கிழியட்டும், நான் வேற வாங்கிக்கிறேன். அத்தை போட்டு முடிக்கட்டும்."